தில்லிக்கு எது பட்டம்?

கோடை விடுமுறை முடிந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தில்லி திரும்பும் குடும்பங்களின் மூட்டைகளில் வடகம், வற்றல், புளி ஆகியவற்றோடு சிறு பொட்டலம் ஒன்றும் இருப்பதுண்டு. பழைய நாளிதழ்த் தாளில் மடித்து நூலால் கட்டிய அப்பொட்டலத்தில் இருப்பவை விதைகள். அவரை, வெண்டை, முளைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயம் என ஊரிலுள்ள பாட்டி தம் கையால் எடுத்துவைத்தவை அவை. கொடுக்கும்போது, "ஆடி பொறந்ததும் போட்டுடு கண்ணு" என்று சொல்லியும் அனுப்பியிருப்பார்.

ஆடி பிறக்கிறது. பால்கனியில் உள்ள தொட்டிகளில் விதைகள் விழுகின்றன. பத்து நாள்களில் வெண்டை முளைக்கிறது, கீரை தழைக்கிறது, அவரை கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஆனால் கொத்தமல்லியும் வெந்தயமும் ஏமாற்றுகின்றன. சில விதைகள் முளைப்பதே இல்லை. முளைத்தவையும் மழைநீர் தேங்கிய மண்ணில் தண்டழுகிச் சாய்ந்துவிடுகின்றன. விதை கெட்டுவிட்டதா, பாட்டியின் சொல் பொய்த்ததா என்னும் ஐயம் பிள்ளைகளுக்கு எழுகிறது. பலர் அதோடு தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் விதையும் கெடவில்லை, சொல்லும் பொய்க்கவில்லை. ஊர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் உழவர் வாய்மொழி. பட்டம் என்றால் உங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது நூல்கட்டிப் பறக்கவிடும் காகிதப் பட்டமாக இருக்கலாம். தில்லியில் ஆடி மாத இறுதியில் விடுதலை நாள் வரும்போது வானமெங்கும் அதுதான் பறக்கிறது. கல்லூரியில் பெறும் பட்டமும் உண்டு. உழவர் வழக்கில் பட்டம் என்பது விதைப்பதற்கு உரிய பருவம். ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என விதைக்கும் மாதத்தின் பெயராலேயே அவை வழங்குகின்றன.

ஆடிக்கு அவ்வளவு சிறப்பு ஏன்? ஜூலை நடுவில் தொடங்கும் அம்மாதத்தில் மேற்கு மலைகளில் பெய்த தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் புதுப்புனல் வரும். ஆடிப்பெருக்கு அதன் விழா. கோடையின் வெம்மை தணிந்திருக்கும். அப்போது விதைத்த பயிர் வேரூன்றி வளர்ந்து நிற்கையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. பாட்டியின் கணக்கு அந்த இரண்டாம் மழையை நம்பிய கணக்கு.

தில்லிக்கு அந்த இரண்டாம் மழை இல்லை. ஜூன் இறுதியில் இங்கு வரும் பருவமழை செப்டம்பர் இறுதிக்குள் விடைபெறுகிறது. ஆடி மாதம் இங்கே மழையின் தொடக்கம் அன்று, அதன் உச்சம். புழுக்கமும் ஈரமும் சேர்ந்திருக்கும் அந்த நாள்கள் வெண்டைக்கும் கீரைக்கும் சுரைக்கும் பீர்க்கைக்கும் உகந்தவை. குளிர்ச்சியை விரும்பும் கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் பகையானவை. ஆகவே ஆடிப்பட்டம் தில்லியில் பாதி பலிக்கும், பாதி பலிக்காது.

இவ்வூர் உழவர்கள் பருவங்களை வேறு விதமாக அழைக்கின்றனர். மழைக்காலத்தில் விதைப்பது காரிஃப். குளிர்காலத் தொடக்கத்தில் விதைப்பது ராபி. இவ்விரண்டும் அரபு மொழியிலிருந்து வந்த சொற்கள். காரிஃப் என்பது இலையுதிர்காலத்தையும், ராபி என்பது இளவேனிலையும் குறிக்கும். அக்டோபரிலும் நவம்பரிலும் விதைக்கும் பயிருக்கு ஏன் இளவேனிலின் பெயர்? அது அறுவடையாகும் காலம் அது. நாம் விதைக்கும் மாதத்தால் பெயரிடுகிறோம். அவர்கள் அறுக்கும் காலத்தால் பெயரிடுகிறார்கள். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் தில்லியின் தோட்ட விழாக்கள் நமக்கு எளிதில் விளங்கும்.

அவற்றுள் தலையாயது குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நிகழ்ச்சி. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள அத்தோட்டம் நெடுங்காலம் முகலாயத் தோட்டம் என வழங்கியது. 2023ஆம் ஆண்டு சனவரியில் அமிர்த உத்யான் எனப் பெயர் பெற்றது. மாளிகையை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ் என்பவரே தோட்டத்தின் அமைப்பையும் 1917இல் வரைந்தார். செடிகள் நடப்பட்டவை 1928, 1929ஆம் ஆண்டுகளில். கோடுகளை வரைந்தவர் லுட்யன்ஸ் என்றாலும், அக்கோடுகளுக்குள் உயிரை நிரப்பியவர் தோட்டத் துறை இயக்குநராக இருந்த வில்லியம் முஸ்டோ. தோட்டத்தைப் புகழ்வோர் அவர் பெயரைச் சொல்வது குறைவு. தோட்டக்காரர்களுக்குப் பொதுவாக நேர்வது இதுதான்.

இத்தோட்டம் பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடப்படுகிறது. ஏன் அந்தச் சில வாரங்கள் மட்டும்? விடை, நம் பாட்டியின் கேள்வியோடு தொடர்புடையது. அங்கு நாம் காணும் பெட்டூனியா, பேன்சி, டேலியா, ஃப்ளாக்ஸ் முதலிய பூச்செடிகள் ஒரே பருவம் வாழ்பவை. மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும், அதாவது புரட்டாசி, ஐப்பசியில், அவற்றை நாற்றங்காலில் விதைக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து நாற்றுகளைப் பிடுங்கிப் பாத்திகளில் நடுகிறார்கள். மார்கழியின் கடுங்குளிரிலும் மூடுபனியிலும் செடிகள் மேலே வளராமல் வேரைப் பெருக்கிக்கொள்கின்றன. தை பிறந்து வெயில் சற்று இளகியதும் மொட்டுகள் வருகின்றன. மாசியில் பூக்களின் முழுவீச்சு. பங்குனியில் வெப்பக்காற்று தலைகாட்டியதும் செடிகள் விதை கட்டி மடிந்துவிடுகின்றன. விழாவின் நாளைக் குறித்தவர் ஓர் அதிகாரி என்று தோன்றலாம். குறித்துக் கொடுத்தது ஐப்பசி விதைப்பு.

நகரத் தோட்டக்காரர் பலர் தவறுவது இவ்விடத்தில்தான். பிப்ரவரியில் தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள், வெளியே வந்ததும் வழியிலுள்ள நாற்றுக்கடையில் அதே பூச்செடியைப் பூத்த நிலையிலேயே வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்து மூன்று, நான்கு வாரங்களில் அது வாடத் தொடங்கும். தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. எரு இட்டும் பயனில்லை. 'எனக்குக் கைராசி இல்லை' என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அச்செடி தன் வாழ்நாளின் கடைசி மாதத்தில் விலைக்கு வந்தது. கண்காட்சியில் நாம் பார்ப்பது ஐந்து மாத வேலையின் முடிவு. அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது செடியை அன்று, அதன் பெயரை. அப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, வரும் ஐப்பசியில் விதையாகவோ நாற்றாகவோ வாங்குவதே முறை.

துலிப் மலரின் கதை இன்னும் கடுமையானது. சில ஆண்டுகளாகக் குடியரசுத் தலைவர் மாளிகையிலும், தூதரகங்கள் நிறைந்த சாந்தி பத் சாலையிலும் துலிப் மலர்கள் வரிசையாகப் பூப்பதைக் காண மக்கள் திரள்கின்றனர். அதன் கிழங்கு பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கினால்தான் பூக்கும். தில்லிக் குளிர் அதற்குப் போதாது. ஆகவே நெதர்லாந்திலிருந்து குளிரூட்டிய கிழங்குகளைத் தருவித்து நடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் பூத்தபின் வெயில் வந்துவிடும்; கிழங்கு அடுத்த ஆண்டுக்கு வலுப்பெறுவது அரிது. பார்க்க அழகானது; ஆனால் பால்கனிக்கு ஏற்றதன்று. எதை வளர்க்கலாம் என்பதோடு எதை ஆசைப்படாமல் விடலாம் என்பதையும் தோட்ட உலா கற்றுத் தருகிறது.

2023 முதல் இத்தோட்டம் ஆகஸ்டு நடுவிலும் சில வாரங்கள் திறக்கப்படுகிறது. மழைக்காலப் பூச்செடிகளைக் காட்டுவதற்கான திறப்பு அது. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நேரம் என்பதைக் கவனியுங்கள். தில்லிக்கும் ஓர் ஆடிப் பருவம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இரண்டு திறப்புகளுக்கும் கட்டணம் இல்லை. இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். திங்கட்கிழமை விடுமுறை. அண்மை ஆண்டுகளில் 35ஆம் வாயில் வழியாக உள்ளே விடுகிறார்கள். நாளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறுவதால் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுக.

அத்தோட்டத்தில் நடக்கும்போது தமிழர் மூவரின் கைத்தடங்களையும் காணலாம். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக அம்மாளிகையில் வாழ்ந்தவர் இராஜாஜி. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. வளாகத்து நிலத்தின் ஒரு பகுதியைத் தாமே உழுது கோதுமை பயிரிடச் செய்தார் அவர். பிற்காலத்தில் காய்கறித் தோட்டம் அமைந்தது அவ்விடத்தில்தான். குடியரசுத் தலைவராக இருந்த இரா. வெங்கட்ராமன் கள்ளிச் செடிகளுக்கென ஒரு தோட்டம் சேர்த்தார். ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் மூலிகைத் தோட்டத்தையும், பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் செடிகளை அறியும் தோட்டத்தையும், பல சமயங்கள் போற்றும் மரங்கள் ஒருங்கே வளரும் தோட்டத்தையும் உருவாக்கினார். பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டம் இவற்றை விரைந்து கடந்துவிடுகிறது. நீங்கள் சற்று நின்று பாருங்கள். கோதுமை விதைத்தவர் சேலத்து மண்ணில் வளர்ந்தவர். கள்ளி வளர்த்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்தவர். மூலிகை நட்டவர் இராமேசுவரத்துக் கடற்கரையினர். எவரும் தம் ஊர்ச் செடியை மட்டுமே வைத்துத் தோட்டம் போடவில்லை.

பூக்களைவிட விதைகளில் ஆர்வம் உள்ளவர்கள் செல்ல வேண்டிய இடம் பூசா. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1905இல் பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் சிதைந்தது. 1936இல் தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது தன் ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுவந்துவிட்டது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் ஊர்ப்பெயரை விடாதிருப்பதைப் போன்றதே இதுவும். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை அதன் இயக்குநராகப் பணியாற்றினார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த பி. பி. பால் கோதுமை ஆய்வாளர். ஓய்வு நேரங்களில் புதிய ரோஜா வகைகளை உருவாக்கியவர்.

ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் அங்கு உழவர் திருவிழா நடைபெறுகிறது. பெரும்பாலும் உழவர்களே வருவர். ஆயினும் நகரத்தார் நுழையத் தடையில்லை. நிறுவனம் உருவாக்கிய விதைகள் அங்கு விற்கப்படுகின்றன. பூசா ஜ்வாலா என்னும் மிளகாய், பூசா ரூபி என்னும் தக்காளி, பூசா நாரங்கி என்னும் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி ஆகியன பலரும் அறிந்த வகைகள். விதைப் பையின் பின்புறத்தில் விதைக்கும் மாதம் அச்சிடப்பட்டிருந்தால் அதை முதலில் படியுங்கள். பாட்டி வாயால் சொன்னதை இவர்கள் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மற்ற நிகழ்ச்சிகளை விரைந்து காண்போம். சூலை முதல் வாரம் நாடெங்கும் வன மகோத்சவம்; 1950இல் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்தது. அப்பருவத்தில் வனத்துறை நாற்றங்கால்களில் மரக்கன்றுகள் வழங்குவர். அதே மாதத்தில் மாம்பழத் திருவிழா. 1987 முதல் தில்லியில் நடந்துவருவது. அதையொட்டி, புதுதில்லியின் சாலையோர நாவல் மரங்களின் அடியில் பழம் உலுக்கி விற்பவர்களைக் காணலாம். நம் நாட்டுக்கே நாவலந்தீவு என்ற பழம்பெயர் உண்டு. அந்நாவலைத் தலைநகரின் நடைபாதையில் வாங்கித் தின்பதும் ஓர் உலாவே. மெஹ்ரவுலிக்கு அருகில் 2003இல் திறக்கப்பட்ட ஐம்புலன் தோட்டத்திலும் பிப்ரவரியில் தோட்ட விழா நடத்துவது வழக்கம்.

மரங்களை அறிய விரும்புவோருக்கு ஹுமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள சுந்தர் நர்சரியை விட நல்ல இடம் இல்லை என்பேன். புதுதில்லி கட்டப்பட்ட காலத்தில் புதிய சாலைகளுக்கான மரக்கன்றுகளை வளர்த்த நாற்றங்கால் அது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள பூங்காவாகச் சீரமைக்கப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கலாம். பங்குனித் தொடக்கத்தில் இலையின்றிச் செம்பூக்களால் நிறைந்திருக்கும் இலவ மரத்தை அங்கே காணுங்கள். இந்தியில் அது செமல்.

தில்லியில் அல்லாது வேறு நகரங்களில் வாழும் மாணவர்களும் இம்முறையைப் பின்பற்றலாம். ஊரின் பெரிய மலர்க்காட்சி எந்த மாதம் நடைபெறுகிறது என்று பார்த்தால் அவ்வூரின் பட்டம் தெரிந்துவிடும். சண்டிகரில் டிசம்பரில் செவ்வந்தி, பிப்ரவரியில் ரோஜா. சீநகரில் பனி கரைந்தபின், மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் துலிப். உதகையில் மே மாதம். பெங்களூரு லால்பாகில் மட்டும் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி இருமுறை. அங்கே நாளைக் குறித்தது நாட்காட்டி என்று சொல்லலாம். ஆயினும் சனவரியிலும் ஆகஸ்டிலும் ஒருங்கே பூக்க இடம் கொடுப்பது அவ்வூரின் மிதமான தட்பவெப்பமே.

இனி நம் பால்கனிக்குத் திரும்புவோம். பெரிய தோட்டங்களில் பிப்ரவரியில் சென்று குண்டுமல்லியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தில்லிக் குளிரில் அது உறங்கும். தண்ணீரைக் குறைத்து, கிளைகளைக் கத்தரித்துவிட்டால், சித்திரை முதல் பூக்கும். கறிவேப்பிலையும் அவ்வாறே. மார்கழியில் அதன் இலைகள் பழுத்து உதிர்ந்து, வெறும் குச்சி நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்த வீடுகள் பல. நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பங்குனியில் துளிர்க்கும். குளிர்காலம் முழுவதும் அதற்கு அடிக்கடி நீர் ஊற்றாமல் இருப்பதே அதைக் காக்கும் வழி. துளசிக்குத் தில்லிப் பெண்கள் சிவப்புத் துணி போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது வழிபாடு மட்டும் அன்று. இரவுப் பனி இலைமேல் இறங்காமல் தடுக்கும் போர்வையும் ஆகும்.

பாட்டியின் பொட்டலத்தில் எஞ்சிய கொத்தமல்லியையும் வெந்தயத்தையும் என்ன செய்வது? ஈரம் புகாத சிறு புட்டியில் போட்டு, இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் எடுங்கள். கொத்தமல்லி விதையை உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, அடியில் துளையுள்ள தொட்டியில் தூவி, மெல்லிய மண்போர்வை இடுங்கள். பூவாளியால் நீர் தெளியுங்கள். முளைத்ததும் ஒரு படம் எடுத்துப் பாட்டிக்கு அனுப்புங்கள். ஆடியில் ஏன் விதைக்கவில்லை என்று கேட்பார். அப்போது இங்கே மழை எவ்வாறு பெய்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

செயல்பாடு: வீட்டுக்கு அருகிலுள்ள பூங்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்குச் செல்க. அன்று பூத்திருந்தவை, இலை உதிர்த்திருந்தவை, தோட்டக்காரர் செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைத் தமிழ் மாதப் பெயருடன் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதுக. வலப்பக்கத்தை வெறுமையாக விடுக. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது குறிப்பேட்டை எடுத்துச்சென்று, அதே மாதத்தில் அங்கு எதை விதைப்பார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, வலப்பக்கத்தை நிரப்புக.